கவிழ்ந்த பிறகு என்ன?

முட்டுக்காட்டிலோ கோவளத்திலோ முதன்முதலாகத் துடுப்பைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எந்தப் படகு ஆடாது? விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் அதற்கேற்ற பதிலைத் தயாராக வைத்திருப்பார்கள். அகலமான கனூ ஒன்றைக் காட்டி, இதில் எழுந்து நின்றாலும் ஒன்றும் ஆகாது என்பார்கள். கேள்வியில் பிழையில்லை, ஆனால் அது பாதிக் கேள்வி. மீதிப் பாதியைச் சென்னைக் கடற்கரை பல நூறு ஆண்டுகளாகக் கேட்டுவந்திருக்கிறது: சரி, கவிழ்ந்தால்? மயிலாப்பூர்க் கடற்கரையிலிருந்து மாம்பலம் வரை ஐந்தாறு கிலோமீட்டர்தான். அதற்குள் உடைந்து விழும் அலைவாய், மந்தமான ஆறு, வெட்டிய கால்வாய், ஏரி, கோயில் குளம் என்று ஐந்து வகைத் தண்ணீர் இருந்தது. ஒவ்வொன்றிலும் வேறு வேறு மிதவைகள் ஓடின. அவற்றில் எதை யார் நம்பினார்கள், எது எதைக் காப்பாற்றப் போனது என்று பார்த்துக்கொண்டே வந்தால், ஒரு படகின் நிலைத்தன்மையை அது எவ்வளவு சாய்கிறது என்பதைக் கொண்டு அளப்பதைவிட, கவிழ்ந்த பின் அதில் இருந்தவருக்கு என்ன ஆகிறது என்பதைக் கொண்டு அளப்பதே சரி என்று படுகிறது. புதியவர் தன் முதல் படகைத் தேர்ந்தெடுக்க வேண்டியதும் அந்த அளவுகோலைக் கொண்டுதான் என்பது என் கட்சி.

முதலில் சாய்வின் கணக்கைப் பார்த்துவிடலாம். மிதக்கும் பொருள் ஒரு பக்கம் சாயும்போது தண்ணீர் அதைத் தூக்கும் இடமும் அந்தப் பக்கமாக நகர்கிறது. எடையோ பழைய இடத்திலிருந்தே கீழே இழுக்கிறது. இரண்டுக்கும் இடையில் உண்டாகும் முறுக்குத்தான் படகை நிமிர்த்துகிறது. இதை முறையான கணக்காக்கி 1746இல் நூலாக வெளியிட்டவர் பியேர் பூகேர் என்ற பிரெஞ்சு அறிஞர். அந்தக் கணக்கில் அகலத்துக்கு இருக்கும் செல்வாக்கு அசாத்தியமானது. நீளமும் எடையும் மாறாமல் அகலத்தை மட்டும் இரட்டிப்பாக்கினால், தண்ணீர்மட்டப் பரப்பு தரும் நிமிர்த்தும் திறன் எட்டு மடங்காகிறது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தெப்பத்தைப் பார்ப்பவர்களுக்கு இது கண்கூடு. தைப்பூசத்தை ஒட்டி மூன்று நாள், காலி டிரம்களின் மேல் பலகை விரித்து, அதன் மேல் உயரமான மண்டபம் கட்டி, சுவாமியையும் அர்ச்சகர்களையும் நாகஸ்வரக்காரர்களையும் ஏற்றிக் குளத்தைச் சுற்றி இழுக்கிறார்கள். மேல்பாரம் எவ்வளவு இருந்தாலும் தெப்பம் அசைவதில்லை, அடிப்பரப்பு அவ்வளவு அகலம். கடைக்காரர் அகலமான கனூவைக் காட்டுவதற்குப் பின்னால் இருப்பதும் இதே நியாயம்தான். ஆனால் அகலமான தட்டையடிப் படகுக்கு இன்னொரு குணமும் உண்டு. சிறிய சாய்வுகளில் அது பிடிவாதமாக நிமிரும்; ஒரு விளிம்பு தண்ணீரைத் தொட்டபின் எந்த எச்சரிக்கையும் தராமல் புரளும். அடி உருண்ட படகு தொடக்கத்திலிருந்தே ஆடிக்கொண்டிருக்கும். பக்கங்கள் போதிய உயரமிருந்தால் அதிகச் சாய்விலும் தாக்குப்பிடிக்கும். முதல்நாள் பயிற்சியில் முன்னது பிடித்துப்போவதும் பின்னது பயமுறுத்துவதும் இயல்பு.

குளத்தில் செல்லுபடியாகும் இந்த நியாயம் கடலில் ஏன் செல்லாது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. வில்லியம் ஃபுரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1861இல் கப்பல்களின் உருளலைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். நிமிர்த்தும் திறன் மிக அதிகமாக உள்ள கலம் எதற்கு எதிராக நிமிர்கிறது என்பதே அவர் எழுப்பிய பிரச்சினையின் சாரம். அது வானத்தை நோக்கி நிமிர்வதில்லை, தண்ணீர்ப் பரப்புக்குச் செங்குத்தாக நிற்கப் பார்க்கிறது. பரப்பு சமமாக இருக்கும் குளத்தில் இரண்டும் ஒன்றே. அலையின் சரிவில் அப்படியில்லை. அலை எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவு படகும் சாயும். அகலத்தால் கிடைத்த பலமே அங்கே பலவீனமாகிறது. கரையருகே அலை செங்குத்தாகி உடையும் இடத்தில், குறுக்காகத் திரும்பிவிட்ட அகலப் படகை அலை அப்படியே தூக்கிப் புரட்டிவிடும். சென்னைக் கடற்கரை அத்தகைய இடம். தீவோ விரிகுடாவோ மறைக்காத திறந்த கரை. வங்கக் கடலின் அலை மணல்மேட்டில் தட்டி வரிசை வரிசையாக உடைகிறது. அமைதியான நாளிலும் கரையோரம் அமைதியாக இருப்பதில்லை.

இந்தக் கரையில்தான் கிழக்கிந்தியக் கம்பெனி 1639இல் இடம் வாங்கிக் கோட்டை கட்டியது. துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஒன்றிரண்டு மைல் தள்ளி நங்கூரமிட்டு நின்றன. ஆளும் சரக்கும் அலைவாயைத் தாண்டிக் கரை சேர்வதற்கு இருந்த ஒரே வழி மசூலா படகு. அதன் கட்டுமானம் கவனிக்கத்தக்கது. ஏறத்தாழ முப்பது அடி நீளம், தட்டை அடி, உயர்ந்த பக்கங்கள். பலகைகளை இணைக்க ஓர் ஆணிகூட இல்லை; தென்னை நாரால் தைத்து, தையலின் உள்பக்கம் வைக்கோலோ நாரோ வைத்து அடைத்தார்கள். உள்ளே விலா எலும்பு போன்ற சட்டங்களும் கிடையா. ஆணியடித்த ஐரோப்பியப் படகு மணலில் அறைந்தால் பலகை பிளக்கும். தைத்த படகு வளைந்து கொடுத்துத் தப்பும். எட்டுப் பத்துப் பேர் நீண்ட துடுப்புகளை வலிக்க, தண்டல் பின்னால் நின்று திசை பிடிப்பார். பெரிய அலை வரும்வரை காத்திருந்து, அதன் முதுகில் ஏறிக் கரைக்கு வர வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் படகின் மூக்கு கரையை நேராகப் பார்க்காமல் கொஞ்சம் திரும்பினாலும் போதும், ஃபுரூட்டின் கணக்கு வேலை செய்யத் தொடங்கிவிடும். 1810இல் சென்னைக்கு வந்த மரியா கிரஹாம் முதல் எத்தனையோ பயணிகள் இந்த இறங்குதலைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கடல் கடந்து மாதக்கணக்கில் வந்தவர்களுக்குக் கடைசி ஒரு மைல்தான் மிக நீண்டதாக இருந்திருக்கிறது. மசூலா படகு மோசமான வடிவமைப்பு என்று நான் சொல்லவரவில்லை. ஆளையும் பெட்டியையும் நனையாமல் கொண்டுவர வேண்டும், மணலில் மோதியும் உடையக் கூடாது என்ற இரண்டு தேவைகளை அது நன்றாகவே நிறைவேற்றியது. உயர்ந்த பக்கமும் அகன்ற அடியும் அந்தத் தேவைகளிலிருந்து வந்தவை. அவற்றின் விலைதான் புரளும் அபாயம்.

அந்த விலை எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதற்கு ஒரு வலுவான சான்று இருக்கிறது. பயணிகளை ஏற்றிய மசூலா படகுகளின் பக்கத்தில் கட்டுமரங்கள் துணைக்குப் போயின. படகு கவிழ்ந்தால் தண்ணீரில் விழுந்தவர்களைத் தூக்கியெடுப்பது கட்டுமரக்காரர்களின் வேலை. உயிர் காத்தவர்களுக்கு அரசு பதக்கமும் கொடுத்தது. இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பார்வைக்குப் பத்திரமான படகு, பார்வைக்கு நான்கைந்து மரத்துண்டாகத் தெரியும் ஒன்றின் காவலில் கரைக்கு வந்தது. கடல் கொந்தளித்து மசூலா படகையே இறக்க முடியாத நாட்களில்கூடக் கப்பலுக்குக் கடிதம் போயாக வேண்டும். அதையும் கட்டுமரக்காரர்தான் கொண்டுபோனார். பனையோலையில் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களைச் செருகித் தலையில் இறுக்கிக்கொள்வார். அலை அவரைத் தூக்கி எறிந்தால் நீந்தி மரத்தைப் பிடித்து மறுபடி ஏறிக்கொள்வார். கடிதம் நனையாமல் கப்பல் சேரும். அவருடைய கலம் கவிழாது என்று யாரும் கருதியதாகத் தெரியவில்லை. கவிழ்ந்தாலும் வேலை கெடாது என்பதுதான் கருதப்பட்டது. நிலைத்தன்மைக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை எந்தப் பொறியியல் பாடநூலும் தருவதில்லை.

கட்டுமரத்துக்கு அந்தத் திறன் எங்கிருந்து வந்தது? கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரங்களைத் தேர்ந்து, நீளவாக்கில் செதுக்கி, மூன்றோ ஐந்தோ ஏழோ சேர்த்து, முன்னும் பின்னும் கயிற்றால் இறுக்குகிறார்கள். நடுமரம் தாழ்ந்தும் ஓரமரங்கள் சற்று உயர்ந்தும் இருக்கும். முன்பக்கம், அதாவது அணியம், மேல்நோக்கி வளைந்து அலையை ஏறும். சிறியது பதினைந்து அடி, பெரியது இருபத்தைந்து அடி. அகலம் குறைவு, மேலே மண்டியிட்டோ குத்துக்காலிட்டோ இருந்தபடி துடுப்பு போட வேண்டும். இதில் உள்பக்கம் என்று ஒன்று இல்லை. அலை மேலே ஏறினால் மர இடுக்குகளின் வழியே இறங்கிப் போய்விடும். சாதாரணத் திறந்த படகைக் கொல்வது பெரும்பாலும் முதல் அலை அல்ல, அது உள்ளே விட்டுப்போகும் தண்ணீர். அகலத் தட்டில் ரசத்தை ஊற்றி எடுத்து நடந்தவர்களுக்குத் தெரியும்: கொஞ்சம் சாய்ந்தால் ரசம் முழுக்கச் சாய்ந்த பக்கமே ஓடி, தட்டை மேலும் சாய்க்கும். படகுக்குள் தேங்கிய நீரும் அப்படித்தான் அகலத்தால் கிடைத்த நிமிர்த்தும் திறனைத் தின்றுவிடுகிறது. கட்டுமரத்தில் தேங்க இடமே இல்லை. அதன் மிதப்பு அடைபட்ட காற்றிலிருந்து வருவதில்லை, மரத்திலிருந்தே வருகிறது. ஓட்டை விழுந்து மூழ்குவதற்கு வழியில்லை. புரண்டால் இரண்டு பேர் சேர்ந்து திருப்பிப்போட்டு ஏறிக்கொள்ளலாம். மரம் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும் என்ற ஒரு குறை உண்டு. அதற்கும் வழி வைத்திருந்தார்கள்: கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் காய வைப்பார்கள். நொச்சிக்குப்பத்திலும் ஊரூர் குப்பத்திலும் கடற்கரையெங்கும் அப்படிக் காய்ந்துகிடந்த மரங்களை நாற்பது ஐம்பது வயதைத் தாண்டிய சென்னைவாசிகள் பார்த்திருப்பார்கள்.

இது வறுமையின் படகு, அறிவின் படகு அல்ல என்று ஒரு வாதம் உண்டு. நல்ல தோணி கட்டக் காசில்லாதவர்கள் கிடைத்த மரத்தைக் கட்டிக்கொண்டு போனார்கள். அதைப் பிற்காலத்தவர் காவியமாக்குகிறார்கள் என்பது அந்த வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம்போலத் தெரியும். ஆனால் இந்தக் கரையின் மீனவரான பட்டினவர் சமூகத்துக்குப் பலகை தைத்த படகு கட்டத் தெரியாமல் இல்லை. பெரிய வலையை வளைத்துப்போட அதையே பயன்படுத்தினார்கள். இரண்டு தொழில்நுட்பமும் ஒரே கரையில் அடுத்தடுத்துக் கிடந்தன. எதை எதற்கு எடுப்பது என்பது தேர்வு. பழமையும் சிறிதல்ல: கிறித்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, சோழமண்டலக் கரையில் மரங்களைப் பிணைத்துக் கட்டிய சங்காரா என்ற கலங்களைச் சொல்கிறது. அவை இன்றைய கட்டுமரத்தின் நேர் மூதாதை என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பிணைத்துக் கட்டும் வழக்கம் இந்தக் கரைக்குப் புதியதல்ல என்பதற்கு அது போதும். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவாக எழுதியபோது, கட்டுமரத்தின் வகைகளைக் கரை கரையாகப் பிரித்துக் காட்டினார். இடத்துக்கு இடம் மர எண்ணிக்கையும் வடிவமும் மாறுகின்றன என்றால், ஒவ்வோர் இடத்திலும் யாரோ யோசித்து மாற்றியிருக்கிறார்கள் என்றுதான் பொருள். ஏழ்மை மட்டும் அவ்வளவு நுணுக்கமாகச் செதுக்காது.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் இன்னொன்று. அவ்வளவு நல்லது என்றால் மீனவர்களே ஏன் கைவிட்டார்கள்? இன்று மெரினாவில் நடந்தால் கண்ணில் படுவதெல்லாம் ஃபைபர் போட். இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லக் கூடாது. கட்டுமரத்தில் எஞ்சின் பொருத்துவது சிரமம். நைலான் வலை வந்தபின் ஏற்ற வேண்டிய வலையின் அளவு பெருகியது. கரையோர மீன் குறைந்து தூரம் போக வேண்டியதாயிற்று. காட்டு மரம் அரிதாகி விலை ஏறியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய, ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், இதே கரைக்கு ஏற்ற எஞ்சின் படகு ஒன்றை உருவாக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டது. அவர்கள் எதிர்கொண்ட பிரச்சினைகளே கட்டுமரத்தின் தகுதியைச் சொல்கின்றன. கரையேறும்போது சுழலி மணலில் சிக்காமல் மேலே தூக்கிக்கொள்ளும்படி எஞ்சினை அமைக்க வேண்டியிருந்தது. தண்ணீர் நிரம்பினாலும் மிதப்பதற்காக உள்ளே நுரைப் பொருள் அடைக்க வேண்டியிருந்தது. நல்ல மரம் சும்மா கொடுத்த ஒன்றைப் பொறியாளர்கள் ரசாயன நுரையால் வாங்கினார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நன்கொடையாளர்கள் வரிசையில் நின்று ஃபைபர் படகுகளைக் கொடுத்தார்கள். கட்டுமரம் இழந்தவருக்கும் ஃபைபர் படகில் பங்கு கிடைத்தது. மாற்றம் ஒரேயடியாக முடிந்துபோனது. ஆக, கட்டுமரத்தை வீழ்த்தியது வருமானக் கணக்கு. மீனவர்கள் செய்த முடிவு அவர்கள் தொழிலுக்குச் சரியானது. அதை எடுத்துவைத்து, அந்தப் படகு பாதுகாப்பற்றது என்று தீர்ப்பெழுதக் கூடாது. வார இறுதியில் இரண்டு மணி நேரம் துடுப்பு போட வருபவருக்கு எஞ்சினும் வேண்டாம், டன் கணக்கில் வலையும் வேண்டாம். அவருடைய தேவை கடிதம் சுமந்த ஆளின் தேவைக்குத்தான் அருகில் இருக்கிறது.

அலைவாயை விட்டு உள்ளே வந்தால் கதையே வேறு. 1867இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப், இன்றும் அடையாற்றங்கரையில்தான் இருக்கிறது. 1898 முதல் கொழும்புச் சங்கத்தோடு போட்டியிட்டு வருகிறது. அங்கே ஓடும் ஒற்றையாள் பந்தயப் படகு உலகின் மிக நிலையற்ற கலங்களில் ஒன்று. எட்டு மீட்டர் நீளம், ஏறத்தாழ முப்பது செண்டிமீட்டர் அகலம், குறைந்தபட்ச எடை 14 கிலோ. துடுப்பு இரண்டையும் விட்டுவிட்டால் அடுத்த நொடி ஆள் தண்ணீரில். அந்தத் துடுப்புகளே இருபுறமும் நீண்டு தண்ணீரில் படிந்து அதை நிமிர்த்தி வைத்திருக்கின்றன. இலங்கையின் ஓரு படகில் பக்கமிதவை செய்யும் வேலையைத்தான் இங்கே மனிதக் கை செய்கிறது. அலையற்ற நேரான நீர் கிடைத்தால்தான் இப்படி ஒரு கலத்தைக் கற்பனையே செய்ய முடியும். அந்த நீர் ஒரு காலத்தில் தாராளமாக இருந்தது. இன்றைய தியாகராய நகர் நின்றுகொண்டிருக்கும் நிலத்தில் லாங் டேங்க் என்ற பெரிய ஏரி கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போட் கிளப்பார் அங்கே பந்தயங்கள் நடத்தினார்கள். 1920களில் ஏரியைத் தூர்த்து நகர் அமைத்தார்கள். மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் மட்டும் பார்ப்பதற்கு ஏரி இல்லாமல் நிற்கிறது. பக்கிங்ஹாம் கால்வாயும் அப்படித்தான். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் துண்டைத் தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877–78இல், நிவாரண வேலையாக வெட்டினார்கள். விறகும் உப்பும் ஏற்றிய தட்டையடிப் படகுகள் மயிலாப்பூருக்குப் பின்னால் ஊர்ந்து போயின. ஆட்கள் கரையில் நடந்து கயிற்றால் இழுத்தார்கள், அல்லது கழி ஊன்றித் தள்ளினார்கள். அங்கே அலை கிடையாது, ஆழம் கிடையாது. தட்டையடியும் அகலமும் அந்த நீருக்கு நூற்றுக்கு நூறு பொருத்தம். 1997இல் திருமயிலை வரை வந்த பறக்கும் ரயிலின் தூண்கள் இன்று அதே கால்வாயில் கால் ஊன்றி நிற்கின்றன. கடைக்காரரின் அகலக் கனூ தவறான பொருள் இல்லை. அது கால்வாய்க்கும் ஏரிக்கும் பிறந்தது. அதை ஆற்றுமுகத்துக்குக் கொண்டுபோவதுதான் தவறு. அடையாற்று முகத்துவாரத்தில் வற்றும் நீர் வெளியே இழுக்க, கடலலை எதிரே வந்து மோதும். அலை குட்டையாகி, செங்குத்தாகி, நெருக்கமாகி விடும். அங்கே கால்வாய்ப் படகுக்கு ஆயுள் குறைவு.

இதற்கெல்லாம் மேலாக ஒரு மறுப்பு வரும்: கட்டுமரக்காரர் பிறந்ததிலிருந்து கடலில் கிடந்தவர், அவர் விழுந்து எழுந்து ஏறுவார், ஐ.டி. கம்பெனியிலிருந்து சனிக்கிழமை வருபவர் ஏறுவாரா? திறமையைப் படகின் கணக்கில் எழுதலாமா? மறுப்பில் பாதி உண்மை. அலை உடையும் வரிசைகளைத் தாண்டி வெளியே போக எந்தப் படகு இருந்தாலும் கடல் தெரிய வேண்டும். நீரோட்டத்தின் போக்கு தெரிய வேண்டும். அதைக் கடையில் வாங்க முடியாது. ஆனால் அந்தத் திறமை எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். குப்பத்துப் பிள்ளைகள் கரையோரத்தில், இடுப்பளவு நீரில், ஒற்றை மரத்தையோ சின்னக் கட்டுமரத்தையோ வைத்துக்கொண்டு நாளெல்லாம் விழுந்து விழுந்துதான் கற்றார்கள். விழுவதற்குத் தண்டனை கிடையாது. மரம் அங்கேயே மிதக்கும், ஏறி மறுபடி தொடங்கலாம். மன்னிக்கும் படகு கிடைத்ததால்தான் ஆயிரம் முறை விழ முடிந்தது, ஆயிரம் முறை விழுந்ததால்தான் திறமை வந்தது. விழவே விடாத படகில் தொடங்குபவர் எதையும் கற்பதில்லை. அது கவிழும் ஒரே நாளில், ஆழத்தில், முதன்முறையாகப் பாடம் தொடங்குகிறது. ஆகவே அனுபவமின்மை என் வாதத்தைப் பலவீனமாக்கவில்லை. அனுபவமில்லாதவருக்குத்தான் கவிழ்ந்தபின் காப்பாற்றும் படகு அதிகம் தேவை.

வேடிக்கை என்னவென்றால், இந்த முடிவுக்கு உலகம் வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கிறது. 1970களில் கலிபோர்னியாவின் அலைகளில் விளையாடியவர்கள், உள்ளே கால் நுழைத்து உட்காரும் கயாக்கை விட்டு, மேலே உட்காரும் கயாக்கைச் செய்யத் தொடங்கினார்கள். மூடிய பிளாஸ்டிக் கூடு. மேலே ஆள் உட்காரக் குழிவு. குழிவில் விழும் தண்ணீர் கீழே இறங்கிப் போகத் துளைகள். புரண்டால் திருப்பிப்போட்டு வயிற்றால் ஏறிப் படுத்து உட்கார்ந்துகொள்ளலாம். இறைக்கத் தண்ணீர் இருக்காது. கோவளத்தில் இன்று புதியவர்களுக்குப் பொருத்தமானது இந்த வகைதான். தண்ணீர் தேங்கவிடாத மேற்பரப்பு, மேலே அமரும் ஆள், மறுபடி ஏறும் எளிமை மூன்றும் கட்டுமரத்தின் குணங்கள். ஒரு வித்தியாசம் உண்டு, அது கவனத்துக்குரியது: பிளாஸ்டிக் கூட்டில் இருப்பது காற்று, மரமல்ல. கூட்டில் விரிசல் விட்டால் அது மெதுவாக நிரம்பும். எனவே பழைய கயாக்கை எடுப்பதானால் அடியையும் துளைகளின் ஓரத்தையும் தடவிப் பார்க்க வேண்டும். குலுக்கிப் பார்த்து உள்ளே நீர்ச் சத்தம் கேட்டால் விட்டுவிட வேண்டும்.

திறந்த கனூவே வேண்டும் என்பவர் முட்டுக்காட்டுக் காயல் போன்ற அமைதியான நீரோடு நிறுத்திக்கொள்ளட்டும். இருவர் செல்லும் பயிற்சிக் கனூவுக்குப் பதினைந்து முதல் பதினேழு அடி நீளமும் மூன்றடிக்குச் சற்று முன்பின்னான அகலமும் தாராளம். முழுத் தட்டையடியைவிட லேசாக வளைந்த அடி மேல். ஆரம்பத்தில் கொஞ்சம் ஆடும், ஆனால் சாயும்போது முன்கூட்டியே சொல்லும். முன்னும் பின்னும் அடைத்த மிதப்பறைகளோ நுரைத் துண்டுகளோ கட்டாயம் இருக்க வேண்டும். ஆட்டம் பயமுறுத்தினால் இருக்கையிலிருந்து இறங்கி மண்டியிட வேண்டும்; எடை ஓரடி கீழே வந்தாலே படகின் குணம் மாறிவிடும். கட்டுமரக்காரர் மண்டியிட்டதும் அதனால்தான். ஒற்றையாள் பந்தயப் படகின் மேல் ஆசைப்படுபவர் அதைச் சொந்தமாக வாங்கக் கூடாது. சங்கத்தில் சேர்ந்து, அகலமான பயிற்சிப் படகில் தொடங்கி, பயிற்சியாளர் சொல்லும்போது மாற வேண்டும். உயிர்காப்பு அங்கியைப் பற்றி ஒரே வரி: எந்தப் படகானாலும், நீச்சல் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், கழற்றக் கூடாது. வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தக் கரையில் கற்கத் தொடங்குவது வீண் வம்பு; ஜனவரி பிற்பகுதி தொட்டு மார்ச் வரை கடல் ஒப்பளவில் சாதுவாக இருக்கும்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். இடுப்பளவு நீரில், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, படகை வேண்டுமென்றே கவிழ்த்துப் போடுங்கள். அது மிதக்கிறதா, தனியாளாகத் திருப்பிப்போட முடிகிறதா, யார் உதவியும் இல்லாமல் மறுபடி ஏறி உட்கார முடிகிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்றுக்கு முடியாது என்ற பதில் வந்தாலும், அது எவ்வளவு அகலமாக, எவ்வளவு ஆடாமல் நின்றாலும், வேறு படகைக் காட்டச் சொல்லுங்கள்.